சுவரில் யாரை நிறுத்துவது?

மலையகத்தில் ஒரு வெறுஞ்சுவரைக் காட்டி, "இதில என்னா போடலாம் மாஸ்டர்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார்கள். கூடை சுமந்து சிரிக்கும் ஒரு பெண். பின்னால் பச்சை மலை, ஓரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி, இடம் மிச்சமிருந்தால் நானுஓயாவுக்கு ஏறும் ரயில். ஹோட்டல்காரர் கேட்பதும் இதுதான், பிரதேச சபை கேட்பதும் இதுதான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகச் சுவர் எழுதியும் சீமெந்தில் உருவம் பிடித்தும் பிழைக்கிறவன் நான். இந்தத் தொழிலில் தூரிகை பிடிக்கும் நேரத்தைவிட, எதை வரைவது என்று முடிவெடுக்கும் நேரம்தான் அதிகம். பழைய இஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றி நடைபாதை, தொழிலாளர் குடியிருந்த லயத்தைத் திருத்திக் காட்சிக்கூடம், வாசலில் ஒரு சிலை என்று தோட்டங்களை மரபுரிமைப் பூங்காவாக்கும் பேச்சு கூடிவரும் இந்தக் காலத்தில், அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பது எனக்கு மனதை அறுக்கும் விஷயமாக இருக்கிறது.

அந்தச் சிரிக்கும் பெண் எங்கிருந்து வந்தாள் என்று பார்த்தால், தேயிலைப் பெட்டியிலிருந்துதான். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். அந்தக் காலம் தொட்டே சீமையில் தேயிலை விற்ற கொம்பனிகள் அவளைப் பெட்டியிலும் பத்திரிகை விளம்பரத்திலும் நிறுத்தின. பிறகு அஞ்சலட்டை, காலண்டர், ஹோட்டல் வாசல். அவள் மேல் ஒரு துளி மழை விழுந்ததில்லை. கெண்டைக்காலில் அட்டை ஏறியதில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு கிடையாது. புதுச் சேலையில் நின்று, ஒரு கையில் ஒரேயொரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறாள். கொழுந்து எடுக்கிறவள் யாரையும் பார்க்க முடியாது. இரண்டு கையும் தேயிலைச் செடியின் வாது மேல் ஓடிக்கொண்டிருக்கும், கண் கையோடு ஓடும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவாள். தலை நிமிர்ந்து சிரித்தால் அன்றைய கிலோ குறையும்.

அந்தப் படத்தில் யாராலும் பிழை பிடிக்க முடியாது, ஏனென்றால் பிழை பிடிப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. நான் கருப்பொருள் தேடும்போது வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதிலிருந்து பிறந்தது. தோட்டத்து ஆள் வந்து நின்று, "இது இப்படி இல்ல" என்று சொல்ல முடிகிற படமாக இருக்க வேண்டும். பிழை பிடிக்க முடிந்தால்தான் அது அவர்களுடைய விஷயம். கொழும்பிலிருந்து வருகிறவர் பாராட்டலாம், வெளிநாட்டுக்காரர் படம் பிடிக்கலாம். திருத்தும் உரிமை யாருக்கு இருக்கிறதோ, சுவரும் அவருக்குத்தான் சொந்தம்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு நீண்ட மதிலுக்கு வேலை கிடைத்தது. கேட்டது வழக்கமான கூடைப் பெண்ணைத்தான். நான் கரித்துண்டால் பெரிய தாள்களில் சில வரைவுகள் போட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் தலைவர்மார்தான் பேசுவார்கள். மடுவத்தில், நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, பெண்கள் சும்மா நிற்க நேர்கிற கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் படம் கண்ணில் படும், வாய் தானாகத் திறக்கும். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல ஆலோசனைக் கூட்டம் இல்லை.

முதலில் வாய் திறந்தவர் வயதில் மூத்த ஒரு அக்கா. "கயித்த நெத்தியில போட்டா சாயங்காலம் வரைக்கும் கழுத்து நிக்குமா தம்பி? உச்சியில போடணும். அடியில துணிய மடிச்சு வைக்கணும்." அடுத்தவர் படங்கைப் பார்த்தார். "இவ்வளவு கீழ கட்டினா என்னத்துக்கு? வாதுல வயிறு உரசுற இடத்தில கட்டணும்." மட்டக்கம்பைப் பெண்ணின் கையில் கொடுத்திருந்த ஒரு வரைவைக் கண்டு எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மட்டக்கம்பு வாதுக்கு மேலே கிடக்க வேண்டியது. அதன் மட்டத்துக்கு மேலே எழும்பிய கொழுந்தைத்தான் எடுப்பார்கள், நகர நகர அதையும் முன்னால் எடுத்துப் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளைத்தாய் கேட்டது எனக்கு இன்றைக்கும் வேலை கற்பிக்கிறது: "இவ எந்த மலையில நிக்கிறா?"

எந்த மலையில் நிற்கிறாள் என்பது தெரிந்தால்தான் எந்தக் கால் மேலே, எந்தக் கால் கீழே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். செங்குத்தான மலையில் நிற்கிறவளின் முதுகு வேறு, மட்டமான மலையில் நிற்கிறவளின் முதுகு வேறு. அந்தக் கேள்விக்குப் பிறகு அங்கே பேச்சு திரும்பிவிட்டது. எந்த மலை, எந்த மாதம், காலைக் கொழுந்தா, பின்னேரக் கொழுந்தா, மழையா, வெயிலா என்று அவர்களே வாதிட்டுக்கொண்டார்கள். கூடையா, பையா என்பதிலும் சண்டை. இப்போது பல தோட்டங்களில் பிரம்புக் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. சில இடங்களில் கையால் எடுப்பதற்குப் பதில் கத்தரியும் வந்துவிட்டது. மூத்தவர்கள் கூடை என்றார்கள். இளையவர்கள், "நாங்க தூக்கிறதப் போடுங்க" என்றார்கள். இரண்டையும் போடுவது என்று முடிவாயிற்று. ஒருத்தி கூடையோடும் பக்கத்தில் அவள் மருமகள் பையோடும் நின்றால் மலையில் நாற்பது வருடம் கடந்தது சொல்லாமலே தெரியும்.

கடைசியில் அந்த வரிசையிலிருந்தே கருப்பொருள் வந்தது. "கொழுந்து எடுக்கிறத எல்லாரும் போடுறாங்க. நிறுக்கிறத ஒருத்தரும் போடல." சொன்னவர் யாரென்று எனக்கு இப்போது நினைவில்லை, ஆனால் எல்லோரும் தலையாட்டியது நினைவிருக்கிறது. நிறுவை என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. அந்த அளவைத் தொட்டால்தான் முழுப் பேர். தொடாவிட்டால் அரைப் பேர். பேர் என்றால் அன்றைய சம்பளம். கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கொழுந்தைத் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்வார், எழுதுவார். அந்த ஒரு கணத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை கண்ணும் தராசு முள்ளில் இருக்கும். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, உற்றுப் பார்க்கும் முகங்கள். ஒரு சிற்பிக்கு அதைவிட என்ன வேண்டும்? வரிசையாக ஒரு பத்து முகம், எல்லாப் பார்வையும் ஒரே புள்ளியில்.

நிர்வாகம் அதை விரும்பவில்லை. தராசின் முகத்தை மறுபக்கம் திருப்பி வரையச் சொன்னார்கள். பெண்கள் சம்மதிக்கவில்லை. முடிவில் தராசு முகம் பார்ப்பவரை நோக்கியே நின்றது, முள்ளும் இருந்தது, இலக்கங்கள் மட்டும் எழுதப்படவில்லை. நான் அதை விட்டுக்கொடுப்பாக நினைக்கவில்லை. எண் போட்டிருந்தால் அது ஒரு தோட்டத்தின் ஒரு நாள் கணக்காகப் போயிருக்கும். எண் இல்லாத தராசுக்கு முன்னால் நின்று ஒவ்வொருத்தியும் தன் கணக்கைச் சொல்கிறாள்.

கொழுந்துப் பெண்ணுக்கு முகம் கொடுக்காமல் கொழுந்தை மட்டும் கொடுத்தவர்கள், துரைமார்களுக்கு மட்டும் பெயரும் முகமும் கொடுத்தார்கள். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் உண்மையில் உழைத்த மனிதர், அவருடைய கற்கதிரையைப் பார்க்க ஆட்கள் ஏறிப் போவதில் எனக்குக் குறை இல்லை. தலவாக்கலை வீதியோரம் அவருக்கு உயரமான சிலையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வால்பாறைக்கு ஏறும் வழியில் கவர்க்கல்லில் கார்வர் மார்ஷ் துரைக்கும் அப்படியொரு சிலை நிற்கிறது. ஆனால் லூல்கந்துர இருக்கும் அதே ஹேவாஹெட்டப் பக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டமும் இருக்கிறது. சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி அங்கே செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறோம். சுற்றுலா வழிகாட்டிப் புத்தகங்களில் டெய்லரின் கதிரையைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கோவிந்தனின் பெயரை ஒருமுறையும் பார்க்கவில்லை.

டெவன் நீர்வீழ்ச்சியும் அப்படித்தான். தலவாக்கலைக்குப் போகிற வாகனங்கள் நிறுத்தி, இறங்கிப் படம் பிடித்துக்கொள்ளும் இடம். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைத் தொழிலாளர்களிடமிருந்து எடுத்துப் பங்கிட முயன்றபோது, அதை எதிர்த்து எழுந்தவர்களில் சிவனு லெட்சுமணன் 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சுடப்பட்டு இறந்தார். அருவியைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இதைச் சொன்னதும், "அப்போ பூங்காவில தியாகிகள் சிலை வைக்கலாமே" என்பார்கள். வைக்கலாம். எங்கே வைப்பது என்பதில்தான் நான் கறாராக இருப்பேன். ஊஞ்சலுக்கும் ஐஸ்கிறீம் கடைக்கும் நடுவில், தம்படம் எடுக்கும் மூலையில், துப்பாக்கிக் குண்டு பட்ட மனிதனை நிறுத்துவதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. சாவைச் சொல்லும் கருப்பொருளுக்குத் தனி இடம் வேண்டும், வருடத்தில் ஒரு நாளாவது ஆட்கள் கூடிப் பூ வைக்கும் வழக்கம் வேண்டும், அதைக் கவனிக்க ஒரு குடும்பமோ சங்கமோ வேண்டும். இது மூன்றும் இல்லையென்றால் சிலை வேண்டாம், பெயரும் திகதியும் வெட்டிய ஒரு கருங்கல் போதும். கருங்கல் மழைக்கும் அஞ்சாது, அலட்சியத்துக்கும் அஞ்சாது.

மழை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் படித்துவந்த இளம் ஓவியர்கள் கருப்பொருளை ஒரு பக்கமும் சுவரை மறுபக்கமும் வைத்து யோசிக்கிறார்கள். மலையில் இரண்டும் ஒன்று. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே மாதம் தொடங்கினால் தென்மேல் பருவக்காற்று விடாது. மேற்குப் பார்த்த சுவரில் எந்தப் பூச்சைப் பூசினாலும் இரண்டு மூன்று மாரியில் பாசி ஏறும். அந்தச் சுவரில் நுணுக்கமான முகங்களை வரைந்தால் முதலில் கண்கள் போகும், பிறகு வாய். அதனால் நிலைத்து நிற்க வேண்டியதை நான் சீமெந்தில் ஆழமாகப் புடைத்தெடுப்பேன், நிழல் விழுந்து உருவம் தானே தெரியும்படி. வருடா வருடம் புதுப்பிக்கத் தோதானதை மட்டும் நிறத்தில் வைப்பேன்.

இந்தக் கணக்கில்தான் காமன் கூத்துச் சுவர் பிறந்தது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேடம் கட்டி ஆடி, மதனை எரித்து, எழுப்பும் அந்தக் கூத்து எப்படியும் வருடா வருடம் வரும். அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மற்றக் கூத்துகளும் இருந்தாலும், தோட்டம் முழுவதும் கை வைக்கிறது காமனில்தான். ஆகவே பொட்டலை ஒட்டிய மதிலில் நிறத்தால் ரதியையும் மதனையும் வீரபத்திரனையும் எழுதுவது, ஒவ்வொரு மாசியிலும் அந்த வருடம் வேடம் கட்டுகிறவர்களைப் பார்த்து மறுபடி எழுதுவது என்று ஏற்பாடு செய்தோம். பாசி ஏறினால் கவலையில்லை, அடுத்த மாசி வரும். அந்தச் சுவருக்கு இப்போது நான் தேவைப்படுவதில்லை, தோட்டத்துப் பிள்ளைகளே எழுதிக்கொள்கிறார்கள்.

அந்தச் சுவரில் பெரிய சிக்கல் தப்பு என்ற பறை. தப்பு இல்லாமல் மலையகத்தை வரைய முடியாது. முன்பெல்லாம் விடியற்காலையில் தப்படித்துத்தான் லயத்தை எழுப்பி, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆள் கூட்டினார்கள். திருவிழாவுக்கும் கூத்துக்கும் தப்பு, சாவு வீட்டுக்கும் தப்பு. ஆனால் அதை அடிப்பது சாதியோடு கட்டிப்போட்ட வேலையாக இருந்தது என்பதை மறைத்துவிட்டு, "நமது பாரம்பரிய இசைக்கருவி" என்று அழகாக எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. தப்படிக்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "தப்பப் போடுங்க, என் மூஞ்சியப் போடாதீங்க" என்றார். அவருடைய பேரன், சங்கீத மேடைகளில் தப்பு வாசிக்கும் பையன், "தாத்தா மூஞ்சியோட போடுங்க சார், ஏன் மறைக்கணும்?" என்றான். இருவரும் சொன்னது ஒரே காயத்தைப் பற்றித்தான். நான் பெரியவரின் வார்த்தைக்குக் கட்டுப்பட்டேன். உயிரோடு இருப்பவரின் முகம் அவருடையது. சுவரில் இரண்டு கையும் தப்பும் மட்டும் இருக்கின்றன, மனித அளவைவிடப் பெரியதாக, கூத்தின் நட்ட நடுவில். ஓரத்தில் வைப்பதில்லை என்பதில் பேரனுக்கும் எனக்கும் ஒரே கருத்து.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இதைவிடக் கடினம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "எங்க அம்மா கூட தூக்கிறது எனக்குப் பெருமைதான் சார். ஆனா எல்லாச் சுவத்துலயும் அத மட்டுமே போட்டா, நாங்களும் அதத்தான் தூக்கணும்னு சொல்ற மாதிரி இல்லையா?" நியாயமான கேள்வி. வழக்கமான மாற்றுவழி, பட்டமளிப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்ணை வரைந்துவிடுவது. அது கூடைப் பெண்ணைப் போலவே வெறும் படம், பிழை பிடிக்க இடமில்லாதது. அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியபோது அவர்கள் சொன்னவை வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், எல்லோரும் படுத்த பிறகு, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பது. பாடசாலைக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, றோட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்வது. ஆயிரம் ரூபாய் சம்பளம் கேட்டு 2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்புடையோடு திரண்ட அண்ணன்மாரும் அக்காமாரும். அதில் பலர் கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்த தோட்டத்துப் பிள்ளைகள். கையில் சப்பாத்தோடு இறங்கும் பிள்ளைகளைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். சுவரைப் பார்த்ததும் ஒரு தகப்பன், "இடது பக்கம் ஓடை ஒண்ணு இருக்குமே, அதக் காணோமே" என்றார். சரியான கருப்பொருள்தான் என்று எனக்கு அப்போதே உறுதியாயிற்று.

தலைவர்களின் உருவங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தொழிற்சங்கங்கள் தங்கள் தலைவர்களுக்குச் சிலை வைக்கின்றன, இனியும் வைக்கும், அதற்குப் பணமும் ஆளும் இருக்கிறது. எனக்கு ஒரு ஆசை மட்டும் உண்டு. ஹட்டனை மையமாக வைத்து 1931இல் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் பக்கத்தில், பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டிய அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளை நிறுத்த வேண்டும். தெருவில் நின்று பாடிய பெண்ணுக்குத் தெருவில் சிலை பொருந்தும். அதேபோல, 1914இல் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை தொழிலாளர் பாடல்களையும் திரட்டினார். பாடுகிறவர்களின் முன்னால் தாளோடு உட்கார்ந்திருக்கும் அவரை எந்தப் பாடசாலை மதிலும் தாங்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எத்தனை இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது, 1964 ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எப்படி முடிவாயிற்று என்பதையெல்லாம் சுவரில் எழுத முடியாது. அப்படிப் பிரிந்துபோன குடும்பம் ஒன்றின் பெட்டி படுக்கையைக் காட்டலாம்.

2019 முடிவில் நாடு முழுவதும் இளைஞர்கள் திடீரென்று மதில்களில் வரையத் தொடங்கியதை எல்லோரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த உற்சாகம் எனக்குப் பிடித்தது. ஆனால் இராவணன், போர்வீரன், வயலும் குளமும் என்று ஊருக்கு ஊர் ஒரே படங்கள் வந்தன. தோட்டப் பகுதிக்கு மிஞ்சியது மறுபடியும் அதே கூடைதான். நம் பிள்ளைகளில் இதைத் தாண்டி யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஹட்டன் பக்கத்தில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடியையும் எடுத்துத் தோட்டத்து வாழ்வைச் சொல்கிறார். கொழும்புக் காட்சிக்கூடங்களில் அதைப் பார்க்கிறார்கள். அவரைப் போன்றவர்களைத் தோட்டத்து மதிலுக்கு அழைக்க ஏன் ஒரு பிரதேச சபைக்கும் தோன்றவில்லை?

சில இடங்களில் வரையாமல் இருப்பதே நல்ல தெரிவு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பெ. முத்துலிங்கமும் அவரது சமூக அபிவிருத்தி நிறுவகமும் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய லயக் காம்பராக்களிலேயே இருக்கிறது. 1925இல் கட்டிய ஹந்தானை இஸ்டோரில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைப் பார்க்கலாம், ஓல்ட் பீக்கொக்கில் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற மனிதர்களைப் பார்க்கலாம். அந்தக் காம்பராவின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைகிறபோது உடம்புக்குப் புரிவதை என் சீமெந்தால் புரியவைக்க முடியாது. மொரீசியஸ் தீவின் ஆப்பிரவாசி கட் துறையிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். 1834 முதல் ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய இடம் அது. கரையிலிருந்து ஏறும் பதினாறு கற்படிகளைப் பாதுகாத்தார்கள், 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. சூரினாமின் பரமரிபோவில் மூட்டையோடு நிற்கும் ஆணும் பெண்ணுமாக 1994இல் ஒரு சிலை வைத்தார்கள், அதுவும் நல்ல வேலைதான். இரண்டில் எது என்னைக் கூடுதலாகத் தொடுகிறதென்று கேட்டால், படிகளைத்தான் சொல்வேன். நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தபோது நான் உணர்ந்தது, அந்தப் பாதைதான் நினைவுச்சின்னம் என்பதை.

அதனால் ஒரு பூங்கா வேலையில் நான் முதலில் வைக்கச் சொன்னது கோப்பிச் செடி. நம் முன்னோர் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்த பிறகுதான் தேயிலை மலையை மூடியது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது புதுச்செய்தி. நான்கைந்து கோப்பிச் செடியை நட்டு, மூன்று மொழியிலும் இரண்டு வரி எழுதினால் போதும். இன்னொரு தோட்டத்தில் பழைய இஸ்டோரிலிருந்து எடுத்த பெரிய இரும்பு ரோதையை, அதாவது சக்கரத்தைப் பூங்கா நடுவில் நிறுத்தினோம். இஸ்டோரில் வேலை செய்தவர்கள் ரோதமுனிச் சாமிக்குப் பூசை வைத்த வழக்கத்தைச் சிலையாக்கலாமா என்று பேச்சு வந்தது. கோயில் கமிட்டி ஐயா, "செருப்போட நடக்கிற இடத்தில சாமிய வைக்காதீங்க" என்றார். அவர் சொன்னது சரி. ரோதையை மட்டும் நிறுத்தினோம். சில நாளில் யாரோ அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைத் துடைக்கச் சொன்ன அதிகாரியிடம், வேண்டாம் என்று வாதாடி நிறுத்தினேன்.

பொதுவெளி என்றால் தமிழர் மட்டும் பார்ப்பதில்லை. பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர்களும், நகரத்து முஸ்லிம் கடைக்காரர்களும் அதே மதிலைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களுக்கும் பிழை பிடிக்க இடம் இருக்க வேண்டும். மஸ்கெலியாவில் அப்படியொரு கருப்பொருள் ஆயத்தமாகவே இருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது மூழ்கிய பழைய நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த வழிபாட்டிடமும் வெளியே தெரியும். அந்த நகரத்தின் தெருக்களை எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவரில் நினைவிலிருந்து வரையலாம். யார் கடை எங்கே இருந்தது என்று மூன்று மொழியிலும் சண்டை வரும். அப்படிப்பட்ட சண்டைக்காகத்தான் சுவர் வேண்டும்.

பூங்கா அமைக்கப் பணம் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கலைஞரை அழைப்பதற்கு முன்னால் கருப்பொருளை முடிவு செய்துவிடாதீர்கள். தெரிவுக் குழுவில் மலையில் வேலை செய்யும் பெண்களைப் பாதிக்குக் குறையாமல் உட்கார வையுங்கள். கூட்டத்துக்கு வருகிற நாளில் அவர்கள் கொழுந்து எடுக்க முடியாது, ஆகவே அன்றைக்கு அவர்களுக்கு முழுப் பேர் போட்டுக் கொடுங்கள். அந்தச் செலவைப் பெயின்ட் செலவுக்கு முன்னால் எழுதுங்கள்.